கடைசிக் கழனி

2019 நவம்பர் 29ஆம் தேதி எங்கள் மாவட்டத்துக்குக் கடற்கரை இல்லாமல் போனது. புயலும் வரவில்லை, சுனாமியும் வரவில்லை. செங்கல்பட்டு தனி மாவட்டமானது, அவ்வளவுதான். மாமல்லபுரம், கல்பாக்கம், சதுரங்கப்பட்டினம், பாலாறு கடலில் கலக்கும் வயலூர் எல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. இந்தப் பக்கம் உத்திரமேரூர், வாலாஜாபாத், காஞ்சிபுரம், ஸ்ரீபெரும்புதூர், குன்றத்தூர் என்று ஐந்து வட்டங்கள். ஒன்றிலும் உப்புக் காற்று கிடையாது.

அதற்கு அடுத்த ஆண்டு ஓய்வு பெற்று, உத்திரமேரூருக்குப் பக்கத்தில் இருக்கும் என் கிராமத்துக்கே திரும்பினேன். முப்பது வருஷத்துக்கு மேல் கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் முழங்கால் சேற்றில் நின்று சம்பளம் வாங்கியவன் நான். ஊரில் இருப்பவன் சித்தப்பா மகன். எனக்கு எட்டு வயது இளையவன். விவசாயத்தை விடாதவன். வந்த முதல் வாரத்திலேயே டீக்கடையில் நாலு பேர் முன்னால் கேட்டான்.

“இன்னாண்ணா, கடல் ஆராய்ச்சி பண்ணவரு கடலே இல்லாத மாவட்டத்துக்கு வந்துட்ட?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த கேள்விக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“வருசா வருசம் மழத்தண்ணி பூரா வீணா கடலுக்குப் போவுதுன்னு பேப்பர்ல போடறான். நீ அந்தக் கடல்ல நின்னு முப்பது வருசம் இன்னாதான் பாத்த? அதால நமக்கு இன்னா பிரயோஜனம்?”

அவனுடைய போர்வெல் ஆண்டுக்கு ஆண்டு ஆழம் போய்க்கொண்டிருந்தது. கேலியாகத்தான் ஆரம்பித்தான், ஆனால் கேட்டது கேலி இல்லை. அன்று நான் ஏதோ மழுப்பிவிட்டு வந்தேன். இந்தக் கட்டுரை அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

*

என் அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். சொந்தமாக முக்கால் ஏக்கர், அதோடு ஊர் ஏரிக்கு நீர்க்கட்டி வேலை. எந்த மதகை எந்த நாளில் எவ்வளவு தூக்குவது, எந்தக் கழனிக்கு எத்தனை நேரம் தண்ணீர் என்று பார்த்துப் பாய்ச்சுவது அவர் பொறுப்பு. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல்லாகக் கூலி. நவரைக்குத் தண்ணீர் போதுமா, சொர்ணவாரி வைக்கலாமா வேண்டாமா என்று ஊர்ப் பெரியவர்கள் பேசும்போது கடைசியில் அவரைத்தான் பார்ப்பார்கள். அவர் மதகுக் கல்லில் நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு ஒரு வார்த்தை சொல்வார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கணக்கு தெரியும்.

அவரிடம் ஒரே ஒரு விதி இருந்தது. “கடேசி கழனிக்குப் போய்ச் சேந்துதான்னு பாக்காம மதக மூடாத.” மதகுக்குப் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவருக்குத் தண்ணீர் தானாகக் கிடைத்துவிடும். சத்தம் போடுபவருக்கும் கிடைத்துவிடும். வாய்க்காலின் கோடியில் இருப்பவன் பெரும்பாலும் இரண்டும் இல்லாதவனாக இருப்பான். ராத்திரி இரண்டு மணிக்கு லாந்தர் எடுத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாகவே நடந்து போய், கடைசிக் கழனியில் கால் வைத்து நனைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். சில நாள் நானும் கூடப் போயிருக்கிறேன். தவளைச் சத்தத்துக்கு நடுவில் அவர் காலை எடுத்து எடுத்து வைக்கும் ‘சளக்’ ஒலி இன்னும் நினைவிருக்கிறது.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள். அதில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், 360 நாள் பதவி. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எங்களை அந்தச் சுவர் முன்னால் நிறுத்தி உலகத்தின் முதல் ஜனநாயகம் என்றார். அது நான்மறை ஓதும் பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம் என்பதும், நிலமும் வீடும் வேதமும் இருந்தவர்களின் பெயர் மட்டுமே குடத்துக்குள் போனது என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மதகைத் தூக்கியவனின் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. இருந்தாலும் அந்தக் கல்வெட்டில் ஒரு வரி எனக்குப் பின்னாளில் பெரிதாக வேலை செய்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சூழலியல் என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே அதன் முதல் பாடத்தை நைனாதான் சொல்லிக்கொடுத்தார். வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போய் நத்தைகுத்தி நாரைகளைக் காட்டினார். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் கழனிக்கு எரு குறைத்துப் போடலாம் என்பது அந்தப் பக்கத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த சங்கதி. பறவையை யாரும் சுடக் கூடாது என்று 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் ப்ளேஸிடம் ஊர்க்காரர்கள் உத்தரவு வாங்கியதும் அதனால்தான். “அதுங்க எங்கெங்கயோ போய்த் துன்னுட்டு நம்ம ஏரில வந்து போடுதுங்க,” என்றார் நைனா. ஓரிடத்துச் சத்து இன்னோரிடத்துக்குப் போகிறது, நடுவில் ஓர் உயிர் சுமந்து போகிறது. பிறகு நான் படித்த பாடப்புத்தகங்கள் இதைத்தான் நூறு பக்கத்தில் சொல்லின.

*

நான் முதுகலை படிக்கப் போனது பரங்கிப்பேட்டைக்கு. வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆர்.வி.சேஷய்யா உருவாக்கிய இடம். வகுப்பறைக் கதவைத் திறந்தால் கழிமுகம். படகுத்துறைக்கு நாலு எட்டு. காலேஜ் என்றால் மாடிக் கட்டடம் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அங்கே முதலில் கொடுத்தது ஒரு வாளியும் சல்லடையும்.

என் வேலை சேற்றை எண்ணுவது. படகில் போய், இரும்புத் தாடை மாதிரி இருக்கும் கிராப் கருவியைக் கயிற்றில் இறக்கி, அடிச்சேற்றை ஒரு கவ்வு அள்ளி மேலே இழுப்போம். அரை மில்லிமீட்டர் கண் உள்ள சல்லடையில் போட்டு அலசுவோம். மிஞ்சும் புழு, சிப்பி, நண்டுக் குஞ்சு, பெயர் தெரியாத இழை எல்லாவற்றையும் ஃபார்மலினில் போட்டு, ரோஸ் பெங்கால் சாயம் ஊற்றினால் உயிர்களெல்லாம் சிவந்து தெரியும். பிறகு நுண்ணோக்கிக்குக் கீழே வைத்து ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். மாதா மாதம், அதே இடங்களில், ஆண்டுக்கணக்கில்.

ஒரு தடவை நைனா என்னைப் பார்க்க வந்தார். சிதம்பரம் வரை பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். சல்லடையில் நான் சேறு அலசுவதை அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இத்த எண்ணிக் குடுத்தா துட்டு தர்றாங்களா?”

“ஆமா நைனா.”

“யாரு வாங்கறாங்க?”

“யாரும் வாங்கறதில்ல. எழுதி வைக்கிறது.”

தலையை ஆட்டினார். கேலி செய்யவில்லை. ஏரியில் தண்ணீர் மட்டத்தை யாராவது தினமும் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று தெரிந்தவர்.

அந்த எண்ணிக்கையிலிருந்து நான் கற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் நீர் என்றால் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 35 பங்கு உப்பு. கோடையில் வெள்ளாற்றின் முகம் கிட்டத்தட்டக் கடலாகவே இருக்கும். ஐப்பசியில் மழை பிடித்தால் சில நாளிலேயே அதே இடம் குடிநீர் போல மாறிவிடும். அந்த வெள்ளத்தில் சேற்றுப் புழுக்களில் பெரும்பகுதி செத்துப்போகும். முதல் வருஷம் நான் பயந்துவிட்டேன். ஆனால் அதே வெள்ளம் மலையிலிருந்தும் வயலிலிருந்தும் கரைத்துக்கொண்டு வந்த சிலிக்கேட்டும் நைட்ரேட்டும் தங்கிவிடும். டயாட்டம் என்கிற கண்ணுக்குத் தெரியாத பாசிக்குக் கண்ணாடி போன்ற ஓடு உண்டு. அந்த ஓட்டைக் கட்டச் சிலிக்கா வேண்டும். கடலோரத்துக்கு அதைக் கொண்டுவருவதில் பெரும்பங்கு ஆறுகளுக்குத்தான். தையில் வெயில் ஏறும்போது டயாட்டம் பெருகும், அதைத் தின்னும் பூச்சிகள் பெருகும், சேற்றில் புழுக்கள் மறுபடி நிறையும். இறால் கடலில் முட்டையிடுகிறது. நூல் மாதிரி இருக்கும் அதன் குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிமுகத்துக்குள் வந்து, இந்தச் சேற்றில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போகின்றன. கடலில் வலை வீசுகிறவன் பிடிப்பது பாதி ஆற்றின் விளைச்சல்.

1990களில் பிச்சாவரம். அங்கே காடு ஏன் செத்துக்கொண்டிருந்தது என்று பலரும் பல காரணம் சொன்னார்கள். ஆடு மாடு மேய்கிறது, மீனவர் விறகு வெட்டுகிறார்கள் என்றுதான் அரசுக் கோப்புகளில் இருந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி.செல்வம் குழுவினர் வேறு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். 1970கள் வரை வனத்துறையே கூறுகூறாக மொட்டையடித்து வெட்டிய இடங்களில், நிழல் போய், ஈரம் ஆவியாகி, தரை கிண்ணம் மாதிரி அமுங்கிவிட்டது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, வெயிலில் காய்ந்து, உப்பு ஏறிக்கொண்டே போனது. அந்த உப்பில் உமரிச் செடி மட்டும்தான் பிழைத்தது. தீர்வு எளிமையானது. நடுவில் ஒரு வாய்க்கால், அதன் இரு பக்கமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். தண்ணீர் வந்து போக ஆரம்பித்ததும் உப்பு இறங்கியது. கரையில் நட்ட கண்டல் செடிகள் பிடித்துக்கொண்டன.

அந்தப் படத்தைக் காகிதத்தில் வரைந்து ஊருக்கு வந்தபோது நைனாவிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்தார். “இது வாய்க்கா வெட்டற வேலதான? கோடில தண்ணி நின்னுபோச்சுன்னா உப்பு பூக்கும். இதுக்கா இவ்ளோ படிப்பு?” என்றார். இரண்டு வருஷம் கழித்து அவர் போய்விட்டார்.

*

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று நான் சேற்றில் இல்லை, வீட்டில் இருந்தேன். எங்கள் படகை ஓட்டும் அண்ணன் திட்டுப் பக்கத்தில் வலை எடுக்கப் போயிருந்தார். பதினோரு வருஷம் என்னைச் சுமந்தவர். எந்த ஓடை எந்த நேரத்தில் வற்றும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவர். இரண்டு நாள் கழித்து அவரை எடுத்தார்கள். கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். கடலுக்கும் காட்டுக்கும் நடுவில் மணல்மேட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால் போன்ற குடியிருப்புகள் துடைத்துப்போட்டது போல ஆயின. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் வீடுகள் நின்றன.

எல்லாத் தொலைக்காட்சிகளும் பிச்சாவரம் வந்தன. காடு காப்பாற்றியது என்று சொன்னோம். நானும் சொன்னேன். அலையை ஆற்றுவதால்தான் அதற்கு அலையாத்தி என்றே பெயர் என்று மைக் முன்னால் சொன்னவன் நான்தான். பல ஆண்டுகள் யாரும் காதில் வாங்காத ஒரு காட்டுக்கு முதல் தடவையாக நாட்டில் மரியாதை கிடைத்தது. பரங்கிப்பேட்டையின் கே.கதிரேசனும் என்.ராஜேந்திரனும் 18 கடலோரக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2005இல் கட்டுரை எழுதினார்கள். அதே ஆண்டு ஃபின் டேனியல்சன் குழுவினர் கடலூர் கரையைப் பற்றி ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். இரண்டுமே தாவரம் இருந்த இடத்தில் சேதம் குறைவு என்றன.

2005 கோடையில் தற்காலிகக் குடியிருப்பு ஒன்றில் கூட்டம். நான் படங்களோடு பேசினேன். முடிந்ததும் திட்டைச் சேர்ந்த ஒரு அம்மா எழுந்து கேட்டார். மகனைப் பறிகொடுத்தவர்.

“காடு காப்பாத்துச்சுன்னு சொல்றியே தம்பி, நாங்க காட்டுக்கு முன்னாடி இருந்தோம். அவங்க பின்னாடி, தூரத்துல, மேட்டுல இருந்தாங்க. காடு காப்பாத்துச்சா, தூரம் காப்பாத்துச்சா?”

என்னிடம் பதில் இல்லை. ரெண்டும்தாம்மா என்று ஏதோ சொன்னேன். அடுத்த ஆண்டு அலெக்சாண்டர் கெர், ஆண்ட்ரூ பேர்ட், ஸ்டூவர்ட் கேம்ப்பெல் ஆகிய மூவர், கதிரேசன் கட்டுரையின் அதே தரவை எடுத்து மறுபடி கணக்குப் போட்டு அதே இதழில் வெளியிட்டார்கள். கரையிலிருந்து தூரம், தரையின் உயரம் இரண்டையும் கணக்கில் எடுத்துவிட்டால், சாவு எண்ணிக்கையில் காட்டின் பரப்பு தனியாக விளக்குவதற்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். மூல ஆசிரியர்கள் பதில் எழுதினார்கள். விவாதம் நீண்டது. அதை வாசித்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. புள்ளியியல் படிக்காமலேயே அவர் கேட்டது அதே கேள்வி.

இன்றைக்கு இருக்கும் புரிதலை நேர்மையாகச் சொன்னால் இப்படி: நூறு மீட்டர் அகல அலையாத்திக் காடு சாதாரணக் காற்றலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என்று பல இடங்களில் அளந்திருக்கிறார்கள். புயல் வெள்ளத்தையும் ஓரளவு தாமதப்படுத்தும். ஆனால் பெரிய சுனாமியின் முன்னால் காட்டை நம்பி ஒரு ஊரைக் கரையில் வைக்க முடியாது. அங்கே தூரமும் மேடும் நேரத்தில் வரும் எச்சரிக்கையும்தான் உயிர் காக்கும். காட்டை மதிக்க இந்த உண்மையே போதுமானது. மிகைப்படுத்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் 2005இல் எங்களில் பலருக்கு அந்த மிகை தேவைப்பட்டது. எனக்கும்.

*

மிகைக்கு விலை இருந்தது. காடு காப்பாற்றும் என்றால் காடு நடு என்று பணம் வந்தது. தமிழ்நாட்டுக் கரை நெடுக நட்டார்கள். சேறே இல்லாத மணற்கரையில் கண்டல் பிடிக்காது, ஆகவே சவுக்கு. சீக்கிரம் வளரும், படத்தில் பச்சையாகத் தெரியும். அடும்பும் இராவணன் மீசையும் படர்ந்து பிடித்து வைத்திருந்த மணல்மேடுகளைச் சமன் செய்துவிட்டு நட்ட இடங்கள் உண்டு. பங்குனி ஆமை ஏறி முட்டையிடும் வெற்று மணல் வரை நட்ட இடங்களும் உண்டு. சுனாமியின்போது பின்னால் இருந்தவர்களைக் காத்தவற்றில் அந்த மணல்மேடுகளும் அடக்கம்.

அப்படியொரு நடவுத் திட்டத்தில் பிழைத்த செடிகளைக் கணக்கெடுக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. எந்த அமைப்பு என்பது இங்கே முக்கியமில்லை. சதுரச் சட்டம் வைத்து, கயிறு கட்டி, பத்து நாள் எண்ணினோம். அலையாத்தி நட்ட இடங்களில் பாதிக்கு மேல் பட்டுப்போயிருந்தது. காரணமும் தெரிந்தது. வாய்க்கால் வெட்டாமல், ஏற்ற இறக்கம் பார்க்காமல், காலி நிலம் என்று கண்ட இடத்திலெல்லாம் நட்டிருந்தார்கள். அறிக்கையின் வரைவை அனுப்பினேன். தொலைபேசி வந்தது. மரியாதையாகத்தான் பேசினார்கள். ‘நடப்பட்டவை’ என்ற எண்ணை முதல் பக்கத்திலும், ‘பிழைத்தவை’ என்ற எண்ணைக் கடைசியில் பின்னிணைப்பிலும் வைத்துவிடலாமே, இரண்டும் இருக்கத்தானே செய்கிறது என்றார்கள். அடுத்த கட்டப் பணம் அதைப் பொறுத்திருந்தது. என் குழுவில் நாலு இளைஞர்களின் சம்பளமும் அதைப் பொறுத்திருந்தது.

நான் கையெழுத்துப் போட்டேன்.

பொய் எதுவும் எழுதவில்லை. எண் உள்ளேதான் இருந்தது. ஆனால் பின்னிணைப்பை யார் புரட்டுவார்கள் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் ஓடுவதைக் காட்டிவிட்டு, கடைசிக் கழனியைப் பார்க்காமல் வீட்டுக்கு வந்த நீர்க்கட்டியின் வேலை அது.

அந்த வருஷப் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். வெளியூரிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒருவர் கல்வெட்டை விளக்கிக்கொண்டிருந்தார். யார் யார் பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்ற பட்டியல். அதில் முதலில் வருவது கொலை இல்லை, திருட்டு இல்லை. ஏதாவது வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர். அவர் மட்டும் இல்லை, அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மாமன் மக்கள், மைத்துனன், மருமகன் என்று நீண்டுகொண்டே போகிறது. சின்ன வயதில் இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. தப்பு செய்தவன் ஒருவன், அத்தை மகனை எதற்குத் தள்ளி வைக்கிறார்கள்? அன்று சுவரோரம் நின்றபோது வேடிக்கையாக இல்லை. கணக்கு மறைப்பது தனி ஒருவன் செய்யும் காரியம் இல்லை, சுற்றி இருப்பவர்கள் பிழைக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலும் செய்கிறான் என்பது ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் நாலு இளைஞர்களை நினைத்துக்கொண்டேன்.

பிறகு செய்ததையும் சொல்ல வேண்டும். அடுத்த ஆறு ஆண்டுகள், பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், வருஷத்துக்கு ஒரு முறை அதே இடங்களுக்குப் போய் எண்ணினேன். எது பிழைத்தது, எது போனது, ஏன் என்று பெயர் போட்டு வெளியிட்டேன். பெரிய இதழில் வரவில்லை. மேற்கோள் காட்டியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். ஆனால் பின்னால் வந்த இரண்டு இடங்களில், முதலில் தண்ணீர் வந்து போக வழி செய்யுங்கள், காடு பெரும்பாலும் தானாகவே வரும் என்று சொல்லி நடவை நிறுத்திவைக்க அந்தக் கணக்கு பயன்பட்டது. முப்பது வருஷத்தில் பிரயோஜனம் என்ன என்று கேட்டால் நான் காட்டக்கூடியது அதுதான்.

*

2021 நவம்பர். நாலு நாளாக விடாத மழை. உத்திரமேரூர் பெரிய ஏரி நிரம்பிக் கலங்கல் போய்க்கொண்டிருந்தது. வைரமேகத் தடாகம் என்று பல்லவர் காலத்தில் பெயர் பெற்ற ஏரி. அதைத் தூர் வாருவதற்கென்றே அந்தக் காலத்தில் கொடைகள் கொடுத்துக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பாலாற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வருகிறது என்று செய்தி. சித்தப்பா மகன் வண்டியை எடுத்துக்கொண்டு வந்தான். “வாண்ணா, முக்கூடல் போய்ப் பாத்துட்டு வரலாம்.”

திருமுக்கூடலில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேர்கின்றன. வருஷத்தில் பத்து மாதம் அங்கே சேர்வதற்கு மணல் மட்டும்தான் இருக்கும், பல இடத்தில் அதுவும் இருக்காது. லாரி லாரியாகப் போய், அடியில் களிமண் தெரியும். அன்றைக்குக் கரையோடு கரை தண்ணீர். செம்பழுப்பு நிறத்தில், மரங்களை உருட்டிக்கொண்டு, உறுமிக்கொண்டு போனது. பாலத்தின் மேல் பாதி ஊர் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது.

“பாத்தியா,” என்றான். “இவ்ளோ தண்ணியும் நாளைக்குக் கடல்ல. வயிறு எரியுது.”

அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் கழனிக்கு மாசியில் தண்ணீர் இருக்காது என்று எனக்கும் தெரியும். ஏரிகளைத் தூர் வாரி, வரவுக் கால்வாய்களைத் திறந்து வைத்திருந்தால் இதில் கொஞ்சம் இங்கேயே நின்றிருக்கும். செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து ஏரிக்கு வரும் வழியெல்லாம் புதர் மண்டிக் கிடப்பதை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம். அது நம் குற்றம், கடலின் குற்றம் இல்லை. ஆனால் பாலத்தின் மேல் நின்று இதைப் பிரசங்கம் பண்ணத் தோன்றவில்லை.

“தண்ணி எங்க போவுதுன்னு பாக்கலாம் வா,” என்றேன்.

மறுநாள் மழை விட்டதும் செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக வயலூர் போனோம். கடல்நீர் உள்ளே ஏறாமல் தடுக்கக் கட்டிய தடுப்பணையின் மேல் வெள்ளம் வழிந்துகொண்டிருந்தது. மணல்திட்டு அடைத்துக் கிடக்கும் முகத்துவாரத்தை ஆறு உடைத்துத் திறந்திருந்தது. கடலுக்குள் வெகு தூரம் வரை ஒரு பழுப்பு நாக்கு. அதற்கப்பால்தான் நீலம் தொடங்கியது. அந்தக் கோட்டில் பறவைகள் கூட்டம் கூட்டமாக விழுந்து எழுந்துகொண்டிருந்தன. வலையோடு நின்ற மீனவர் ஒருவர், “நாலு நாள் போவட்டும் சார், தண்ணி தெளிஞ்சதும் பாருங்க. ஆறு வந்த வருசம்தான் எங்களுக்கு இறா,” என்றார். நான் கேட்காமலேயே சொன்னார்.

சித்தப்பா மகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். கையில் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தான். துப்பவில்லை.

“உப்பே கரிக்கலியேண்ணா.”

“நம்ம ஊருத் தண்ணிடா.”

அப்போது சொன்னேன். இந்தப் பழுப்பு நிறம் என்ன என்று. மணல் எப்படி ஆற்றில் வந்து, கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்து ஊர் ஊராகக் கரையைக் கட்டுகிறது என்று. சென்னைத் துறைமுகச் சுவர் அந்த ஓட்டத்தை மறித்ததால்தான் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரத்தில் கடல் தின்றது. அங்கே நடுவில் மறித்தார்கள், இங்கே ஆற்றிலேயே அள்ளிவிட்டால் கரைக்குப் போக என்ன இருக்கும்? டயாட்டம், புழு, இறால் குஞ்சு எல்லாம் சொன்னேன். பாதியில் நிறுத்தினேன், பாடம் நடத்துகிறேனோ என்று.

அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, “பெரியப்பா லாந்தர் எடுத்துக்குனு போவாரு இல்ல, ராத்திரில,” என்றான். “எங்கப்பா திட்டுவாரு. கோடில இருக்கிறவனுக்கு இவரு ஏன் தூக்கம் முழிக்கிறாருன்னு.”

“உனக்கு நெனப்பு இருக்கா?”

“ஏன் இல்ல. கோடில இருந்தது நம்ம அத்தையோட கழனிதான.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது.

தை கடைசியில் மறுபடி வயலூர் போனேன். முகத்துவாரத்தை மணல் பாதி மூடியிருந்தது. நாலு இடத்தில் சேறு அள்ளிச் சல்லடையில் அலசினேன், பழக்கம் விடவில்லை. புழுக்கள் வந்திருந்தன. எண்ணி நோட்டில் எழுதி வைத்தேன். யாரும் வாங்கப் போவதில்லை.

இந்த ஐப்பசியில் டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். பேப்பரில் அதே தலைப்பு, அதே ‘வீணாக’. யாரோ சத்தமாக வாசித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. சித்தப்பா மகன் கிளாஸை வைத்துவிட்டு, “முதல்ல நம்ம கால்வாய வெட்டுவோம். மிச்சம் கொஞ்சம் போவட்டும். அங்கயும் ஆளு இருக்கு,” என்றான்.